சாயம் காணாத ஆற்றில் ஒரு தூண்டில்

அவிநாசிபாளையத்திலிருந்து நீலகிரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எதற்காகப் போகிறார்கள் என்பது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான்: மலர்க்காட்சி, படகுச் சவாரி, பைகாரா, திரும்பும் வழியில் வர்க்கியும் டீத்தூளும். இவற்றில் எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் அத்தனை தூரம் மலையேறிப் போயும், ஓடுகிற ஆறு ஒன்றின் கரையில் அரை மணி நேரம் நின்று பாராமலே திரும்பிவிடுகிறோமே என்கிற ஆதங்கம் எனக்கு வெகு காலமாக உண்டு. அந்த ஆதங்கத்தின் காரணமாகவே, பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் என் அக்காள் மகனை, தூண்டிலைக் கையால் தொட்டே அறியாதவனை, எமரால்டுப் பக்கத்து ஓடை ஒன்றுக்கு இந்தத் தடவை அழைத்துப் போனேன்.

போய்வந்த சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இத்தனை நீளம். ஒரு டீ போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றிய ஞானம் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. லாரித் தண்ணீர் என்ன விலை, யார் தோட்டத்துப் போர் எத்தனை அடியில் வற்றியது, சாயப்பட்டறைக்கு வந்திறங்கும் தண்ணீரின் டி.டி.எஸ். (அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு என்பதையெல்லாம், நால்ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எவரைக் கேட்டாலும் விரல்நுனியில் வைத்துச் சொல்லுவார். ஆயினும் இதெல்லாம் குழாயிலும் தொட்டியிலும் டேங்கரிலும் அடைபட்ட தண்ணீரைப் பற்றிய ஞானம். வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, கோயமுத்தூரைக் கடந்து, திருப்பூரின் நடுவே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவேரியோடு கலக்கிற நொய்யல் நதியை நாம் என்ன கதிக்கு ஆளாக்கினோம் என்பது ஊரறிந்த செய்தி. பாசனத்துக்கென்று எழுப்பப்பட்டு 1992-ல் பயனுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு வந்து தேங்கிய காரணத்தால், எந்த விவசாயிகளுக்காக அந்த அணை கட்டப்பட்டதோ அந்த விவசாயிகளே, "ஐயா, இதில் தண்ணீரைத் தேக்காதீர்கள்" என்று மன்றாட வேண்டி வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிக்கும் ஏற்பாடு ஊன்றியது; அதற்காகப் பட்டறைக்காரர்கள் பட்ட கஷ்டமும் செலவழித்த பணமும் எனக்குத் தெரியும், அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் இடையில் ஒன்று அறுந்துபோயிற்று. நொய்யலில் தூண்டில் போட்ட தகப்பன், தன் மகனுக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிற வழக்கம் ஒரு தலைமுறையோடு நின்றுவிட்டது. என் அக்காள் மகனுடைய வயதுக்காரர்களுக்கு ஆறு என்றால் பாலத்தின்மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கவேண்டிய ஒன்று. ஆகவே, இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் வாழ்நாளில் ஒரு முறையேனும் உயிருள்ள ஓர் ஆற்றில் தூண்டிலோடு நிற்க வேண்டும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். மீன் அகப்படுகிறதா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். தூண்டில் கையில் இருந்தால்தான் மனிதன் தண்ணீரை உற்றுப் பார்க்கிறான்.

சரி, ஏன் எமரால்டு?

முதல் காரணம் டிரவுட். இந்த மீன் நம் மலைக்கு வந்த கதை தனியொரு புராணம். சென்னை ராஜதானியின் ராணுவத்தில் டாக்டராக இருந்த பிரான்சிஸ் டே என்னும் வெள்ளைக்காரர், 1860-களில், இங்கிலாந்திலிருந்து டிரவுட்டைக் கொண்டுவந்து நீலகிரி ஓடைகளில் விடுவதற்குப் பிரயத்தனம் செய்தார். சூயஸ் கால்வாய் 1869-ல் திறக்கப்படுவதற்கு முந்தைய காலம் அது. குளிர்ந்த நீரில் மட்டுமே பிழைக்கக்கூடிய ஜீவனை வெப்பக் கடல்களைத் தாண்டிக் கொண்டுவருவது எத்தனை சிரமமாக இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அது பலிக்கவில்லை. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எச். சி. வில்சன் என்பவருடைய முயற்சியால் எமரால்டுக்கு அடுத்துள்ள அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஒன்று ஏற்பட்டு, இலங்கையின் நுவரெலியா முதலான இடங்களிலிருந்து தருவித்த வானவில் டிரவுட்டின் முட்டைகள் அங்கே பொரித்து, குஞ்சுகள் ஓடைகளில் விடப்பட்டு, ஒருவாறு நிலைத்தும்விட்டன. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்து நதிகளில் பிறந்த வம்சம், சோலைக்காடுகளின் ஈரத்தில் ஊறிவரும் நம்முடைய ஓடைகளைத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

(இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெளியூர் மீனை இப்படிக் கொண்டுவந்து விட்டது நியாயமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. நீலகிரி ஓடைகளுக்கே உரிய ஒரு சின்னஞ்சிறு மீன் இருக்கிறது. அதை 1867-ல் விஞ்ஞான உலகுக்கு முதன்முதலாக விவரித்தவர் வேறு யாருமல்லர், டிரவுட்டைக் கொண்டுவர முயன்ற அதே டாக்டர் டேதான். நீலகிரியின் பெயரையே அதற்குச் சூட்டினார். விரல் நீளம்தான் இருக்கும். மலையை விட்டால் அதற்கு வேறு கதியில்லை, இன்று அருகியும் வருகிறது. டிரவுட்டோ தன்னைவிடச் சிறிய மீனைத் தின்னும் சுபாவமுடையது. எனக்கு டிரவுட்டின்மேல் பிரியம் உண்டு; எனினும் புதிதாக எந்த ஓடையிலும் எந்த மீனையும் எவரும் கொண்டுபோய் விடக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீன் தொட்டியில் வளர்த்தது அலுத்துப்போய் ஆற்றில் விடுகிறார்களே, அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

இனி, தூண்டில் சாமான்கள். புதிதாகத் தொடங்குகிறவர் நிறையச் செலவழிக்க வேண்டியதில்லை. ஆறடி நீளத்தில் இலேசான ஸ்பின்னிங் ராடு ஒன்று. அதற்கேற்ற சிறிய ரீல். நாலு முதல் ஆறு பவுண்டு வரை தாங்குகிற தங்கூஸ். பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் முட்கள். பட்டாணியைவிடச் சிறிய ஈயக்குண்டுகள். சிறு தக்கை ஒன்று. இவ்வளவுதான். ஈயைப்போல் இறகு கட்டிய முள்ளை வீசுகிற வெள்ளைக்கார வித்தை ஒன்று உண்டு. அழகான வித்தைதான், ஆனால் அதற்குக் கையும் தோளும் பழகச் சில மாதங்கள் ஆகும். முதல் தடவை போகிறவனுக்கு மண்புழுவே உத்தமம்.

தங்கூஸைக் கையில் வாங்கியவுடன் என் அக்காள் மகன் அதை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையே வைத்து உருட்டினான். நூலைத் தொட்டே கவுண்ட் சொல்லிவிடக்கூடிய பிள்ளை. "இது எத்தனையாம் கவுண்ட்டுங்க மாமா?" என்று கேட்டான். இதற்குக் கவுண்ட் கிடையாது, கனத்தை மில்லிமீட்டரிலும் தாங்கும் எடையைப் பவுண்டிலும் சொல்லுவார்கள் என்றேன். உருட்டியபடியே இருந்தவன், "பாயிண்ட் டூ இருக்குமுங்க" என்றான். சுருளின் ஓரத்தில் 0.20 என்று அச்சிட்டிருந்தது! திருப்பூர்க் கைகளுக்கு இந்த வித்தையில் பாதி ஏற்கெனவே வந்துவிட்டது என்று நான் சொன்னால் மிகையாகாது.

முடிச்சுப் போடுவதிலும் அப்படியே. முள்ளின் காதில் தங்கூஸை நுழைத்து, நுனியைத் தாய்க்கயிற்றின்மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, காதுக்குப் பக்கத்தில் உண்டாகிற சின்ன வளையத்துக்குள் நுனியைத் திரும்பக் கொண்டுவந்து, அதனால் ஏற்படுகிற பெரிய வளையத்துக்குள்ளும் விட்டு, இழுக்க வேண்டும். இழுப்பதற்கு முன் முடிச்சை வாயில் வைத்து எச்சிலால் நனைக்க வேண்டும் என்பது முக்கியம். காய்ந்த முடிச்சு இறுகும்போது உராய்வினால் சூடேறி, தங்கூஸ் அந்த இடத்தில் பலமிழந்துபோகும், பிற்பாடு மீன் இழுக்கும்போது சரியாக அங்கேதான் அறும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படிந்து உட்காருவதைப் பார்த்தால் மனத்துக்கு ஒரு நிறைவு ஏற்படுகிறது. மிச்ச நுனியை வெட்டி எறியக் கூடாது. பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கரையில் கிடக்கிற தங்கூஸ் துண்டு ஒன்று காலில் சுற்றிக்கொண்டால் பறவை தப்புவது கஷ்டம். முள்ளின் கொக்கிக்குப் பின்புறம் இருக்கிற எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி மழுக்கிவிட்டால், சிறிய மீனைக் காயமில்லாமல் திருப்பி விடலாம். நம் விரலில் ஏறினாலும் சுலபமாக எடுக்கலாம்.

அநுமதி விஷயத்தை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். எந்த நீரில் இறங்கலாம், எந்த நீரில் கூடாது என்பதை ஊட்டியிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு, சீட்டுப் பெற்றுக்கொண்ட பிறகே தூண்டிலை எடுக்க வேண்டும். காட்டுப் பகுதி ஓடையென்றால் வனத்துறையின் சம்மதமும் வேண்டும். 1990-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட முக்குருத்தி, வரையாடுகளின் வாசஸ்தலம். அதன் எல்லைக்குள் தூண்டில் என்ற பேச்சே கிடையாது. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குள் வண்டியில் போவதற்கு இ-பாஸ் வேண்டும் என்பதும், பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுபோகக் கூடாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அந்தப் பக்கத்துப் படுகர் பெரியவர் ஒருவர். உருளைக்கிழங்கும் காரட்டும் பயிரிடுகிறவர்; சிறு வயது முதல் தூண்டில் போட்டுப் பழகியவர். ஓடைக்கு இருபது அடி இருக்கும்போதே எங்களை நிறுத்தி, "தம்பி, இங்கிருந்து மெதுவா நடங்க. நம்ம காலடி கரை வழியா அதுக்குக் கேட்டுடும். நிழல் தண்ணியில விழக் கூடாது" என்றார். பிறகு, கரையில் குந்தி, வெகு நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பையிலிருந்து தூண்டிலை எடுக்கவே இல்லை.

இந்தப் பார்வைதான் முழு வித்தையும். டிரவுட் எப்பொழுதும் நீரோட்டத்தை எதிர்த்து, மேல்திசை நோக்கித் தலைவைத்து நிற்கிறது. ஏனெனில் அதனுடைய ஆகாரம் அந்தத் திசையிலிருந்துதான் மிதந்து வருகிறது. ஆனால் நாளெல்லாம் வேகமான பிரவாகத்தை எதிர்த்து நீந்துவதென்றால் தின்பதைவிடச் செலவழிப்பது அதிகமாகிவிடும். ஆகவே, கூட்டம் நெரிகிற பேருந்து நிலையத்தில் தூணோரமாக ஒதுங்கி நின்றுகொண்டு தன் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கும் பிரயாணியைப்போல, அது ஒரு பாறையின் பின்னால், ஓட்டம் தணிந்த இடத்தில் நின்று, பக்கத்தில் ஓடுகிற வேக நீரைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. பூச்சியோ புழுவோ வந்தால் ஒரு வெட்டு வெட்டிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. வேக நீரும் நிதான நீரும் உரசிக்கொள்கிற கோட்டில் நுரை ஒரு வரிசையாக மிதந்து போவதைப் பார்க்கலாம். நுரை போகிற வழியே ஆகாரமும் போகிறது. புழுவை அந்தக் கோட்டுக்கு மேலே போட்டு, இழுக்காமல், அதன் போக்கில் மிதந்து வரவிட வேண்டும்.

பெரியவர் ஓடைக்குள் கைவிட்டு ஒரு கல்லைப் புரட்டி எடுத்து எங்களிடம் காட்டினார். அடிப்பக்கத்தில், மணலையும் இலைத்துணுக்கையும் ஒட்டித் தனக்குத்தானே ஒரு குழாய்வீடு கட்டிக்கொண்டிருந்த புழுக்கள். தட்டையாகக் கல்லோடு ஒட்டிக்கொண்டு, மூன்று வால்களை ஆட்டியபடி நகர்கிற பூச்சிக்குஞ்சுகள். சுத்தமான, பிராணவாயு நிறைந்த நீரில்தான் இவை பெரும்பாலும் பிழைக்கும். குளிர்ந்த நீர் பிராணவாயுவை அதிகமாகத் தாங்கும். நீர் சூடேற ஏற அது குறைந்துகொண்டே வரும். இருபத்தைந்து டிகிரி வெப்பத்துக்கு மேல் டிரவுட்டுக்கு வாழ்வதே கடினம். ஆகவேதான் இந்த மீன் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வருவதில்லை.

என் அக்காள் மகன் அந்தக் கல்லை வாங்கி வெகு நேரம் பார்த்தான். பிறகு, "இந்தத் தண்ணிக்கு டி.டி.எஸ். எவ்வளவு இருக்குமுங்க?" என்று கேட்டான். பெரியவர் அந்தக் கேள்வி விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். "அதெல்லாம் தெரியாதுங்க. இந்தப் பூச்சி இருக்கிற வரைக்கும் குடிக்கலாம்னு எங்கப்பா சொல்வார்" என்றார். (தோட்டத்து மருந்து கலக்கிற இடங்கள் இப்போது உண்டு, ஆகையால் நீங்கள் காய்ச்சியே குடியுங்கள்.)

மீன் அகப்பட்டதா என்றுதானே கேட்கிறீர்கள்? அகப்பட்டது. காலை வெயில் மரங்களுக்கு மேலே ஏறி, எனக்கே நம்பிக்கை தளர்ந்திருந்த சமயத்தில், மிதந்து வந்த தக்கை ஒரு பாறையோரம் சட்டென்று நின்றது. பிறகு நீரோட்டத்துக்கு எதிராக ஒரு அங்குலம் நகர்ந்தது. "மாமா, கல்லுல மாட்டிக்கிச்சுங்களா?" என்றான் பிள்ளை. "கல்லு எங்கேயாவது மேலே நடக்குமா கண்ணு, தூக்கு!" என்றேன். ராடின் நுனி வளைந்து நடுங்க, மீன் தண்ணீருக்கு மேலே ஒரு முழம் துள்ளி விழுந்தது. அவன் கத்திய கத்தலைக் கேட்டு எதிர்ச்சரிவில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்து பார்த்து, சிரித்துவிட்டு, மறுபடியும் குனிந்துகொண்டார்கள்.

கரைக்கு வந்ததைப் பார்த்தோம். ஒரு சாண்தான் இருக்கும். முதுகு பாசி படிந்த பச்சை. அதன்மேல் வால்வரைக்கும் மிளகு தூவிய கறுப்புப் புள்ளிகள். பக்கவாட்டில், செவுளிலிருந்து வால்வரை, இளஞ்சிவப்பாக ஒரு பட்டை. எத்தனையோ கலர் பார்த்த பிள்ளை, சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி லாட்டை ஷேடு கார்டோடு ஒத்துப்பார்த்து, அரை ஷேடு மாறினாலும் திருப்பியனுப்புகிறவன், அந்தப் பட்டையை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். வெயிலில் சாய்த்தால் அது ஊதாவாக மாறியது. நிழலில் மறுபடியும் சிவந்தது. "இந்த ஷேடு வராதுங்க மாமா" என்றான்.

சிறிய மீன் ஆகையால் விட்டுவிட வேண்டும் என்றார் பெரியவர். பிள்ளைக்கு மனம் வரவில்லை, இருந்தாலும் சம்மதித்தான். விடுவதற்கும் முறை உண்டு. உலர்ந்த கையால் தொட்டால் மீனின் மேலுள்ள வழவழப்பு உரிந்து, பிற்பாடு அந்த இடத்தில் நோய் பற்றும். ஆகவே கையை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். வயிற்றைப் பிடித்து அழுத்தக் கூடாது. நீரோட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்து இலேசாகத் தாங்கிக்கொண்டிருந்தால், செவுள்கள் மெல்ல விரிந்து மூட, அது தானாகவே பலம் பெற்றுப் போகும். தள்ளிவிடவோ வீசியெறியவோ கூடாது. பின்னர் அகப்பட்டவற்றில் சற்றுப் பெரிதாக இருந்ததைப் பெரியவர் வீட்டில் மிளகும் உப்பும் தடவிச் சுட்டுத் தின்றோம். அந்த ருசியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அதுவே ஒரு கட்டுரையாகிவிடும்.

எமரால்டைத் தேர்ந்ததற்கு இரண்டாவது காரணம் ஒன்று உண்டு. அதை மதியம் சாப்பிட்டுவிட்டு அணையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் பிள்ளையிடம் சொன்னேன். எமரால்டும் அவலாஞ்சியும் இரட்டை நீர்த்தேக்கங்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா தேசத்தின் உதவியோடு 1950-களில் தொடங்கிய குந்தா மின்திட்டத்தைச் சேர்ந்தவை. இங்கே தேங்குகிற ஜலம் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி, குந்தாவிலும் கெத்தையிலும் பரளியிலும் மின்சாரமாகி, பவானி நதியில் கலந்து, மேட்டுப்பாளையத்துக்கு வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குழாய்வழியே திருப்பூருக்குக் குடிதண்ணீராக வருவதும் அதே பவானிதான். நொய்யல் கைவிட்ட பிறகு நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது பவானியும் காவேரியுந்தான்; 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு - அவிநாசித் திட்டமும், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகிற பவானி நீரை ஒன்றரை டி.எம்.சி. அளவுக்கு ஏற்றி, 1,045 குளங்குட்டைகளில் நிரப்பத்தான் ஏற்பட்டது.

"அப்போ அந்த மீனு நின்ன தண்ணியைத்தான் நாங்க கம்பெனியில குடிக்கிறோமுங்களா?" என்று கேட்டான். அதன் பங்கும் அதில் இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு அவன் வெகு நேரம் பேசவில்லை. எனக்கு அந்தப் பிரயாணத்தின் பலன் அந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிட்டது.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவற்றைச் சொல்லாமல் முடித்தால் பாவம். குந்தாப் பகுதியில் அணைகளும் மின்நிலையங்களும் நிறைய. வானம் வெளிறிக் கிடக்கும்போதே, மேலே மதகு திறந்தால், கீழே ஆறு சில நிமிஷங்களில் ஏறிவிடும். அணைக்குக் கீழுள்ள ஆற்றுப்படுகையில் புதியவர்கள் இறங்கவே வேண்டாம். நீர்த்தேக்கத்துக்கு மேலே, வந்து சேர்கிற சிற்றோடைகளே தகுந்த இடம். பாசிக்கல்லில் செருப்போடு ஏறாதீர்கள். ரப்பர் பூட்ஸும் ஊன்றுகோலும் அவசியம். காட்டெருமை தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே சாவகாசமாக மேய்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்தால் போட்டோ எடுக்கக் கிட்டப் போகாமல், வந்த வழியே பின்வாங்கி, அது போகும்வரை காத்திருங்கள். தென்மேற்குப் பருவத்தில் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் தொள்ளாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நம் ஊரில் ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழையைவிட அது அதிகம்.

மழை நின்று ஓடை தெளிந்த பிற்பாடு, பிப்ரவரி முதல் மே மாதம் கோடை மழை வலுக்கும்வரை நல்ல காலம். பனியன் கம்பெனிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு என்பதால் சனிக்கிழமை இரவே கிளம்புகிற யோசனை வரும். அப்படிச் செய்யாமல், ஒரு நாள் லீவு சேர்த்து எடுத்துக்கொண்டு பகலில் போங்கள், அநுமதிச் சீட்டு வாங்க அலுவலகம் திறந்திருக்க வேண்டுமல்லவா? திருப்பூர், அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்குப் போய், அங்கிருந்து எமரால்டுக்கு அரசுப் பேருந்திலேயே போய்விடலாம். ராடு இல்லாதவர்கள் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். என்னிடம் உபரியாக ஒன்று இருக்கிறது, தருகிறேன். என் அக்காள் மகன் தனக்கென்று சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டான்.